கையடக்கப் பம்ப், குறைந்த மின்சாரம்: பிளேடுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர், சர்வர் ரேக் ஒன்றை நீரால் குளிர்விக்கும் திட்டம் செய்கிறார். நிமிடத்துக்கு 30 லிட்டர் நீர் சுற்ற வேண்டும், 10 மீட்டர் ஹெட் (பம்ப் தரும் அழுத்தத்தை நீர் ஏறும் உயரமாகச் சொல்வது) தேவை. நீர் இரண்டு குளிர்தகடுகள் (சிப்பின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் தகடுகள்) வழியாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது, அந்த இரண்டில் மட்டும் 7 மீட்டர் போய்விடுகிறது. கடையில் வாங்கிய பம்ப் நிமிடத்துக்கு 2,900 சுற்றில் ஓடி 230 வாட் இழுக்கிறது, உருவமும் பெரிது. "பிளேடு வடிவத்தை எப்படி மாற்றினால் கையில் அடங்கும் அளவில், பாதி மின்சாரத்தில் ஓடும் பம்பை நானே பிரிண்ட் செய்யலாம்? அதையே திருப்பி ஓட்டினால் டர்பைனாக வேலை செய்யுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, பாதி மின்சாரம் என்பது பேராசை இல்லை. நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் நொடிக்கு அரை லிட்டர். அதற்கு 10 மீட்டர் ஹெட் கொடுக்கத் தேவையான சுத்தமான நீர்ச்சக்தி 49 வாட்தான். நீங்கள் 230 வாட் கொடுக்கிறீர்கள், அதாவது 21 சதவீதம்தான் வேலைக்குப் போகிறது. மீதி 180 வாட் வெப்பமாகி, பெரும்பகுதி நீங்கள் குளிர்விக்க நினைக்கும் அதே நீருக்குள் இறங்குகிறது. நம் ஊரில் இது இரண்டு முறை கட்டும் பணம். நன்றாக ஓடும் சில்லர் நிலையம் (கட்டடத்துக்குக் குளிர்நீர் தரும் இயந்திரம்) ஒரு குளிர்ப்பு டன்னுக்கு 0.6 கிலோவாட் அளவில் எடுக்கும். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் வெப்பம். ஆக, பம்பில் வீணாகும் ஒவ்வொரு 100 வாட்டையும் கட்டடத்தை விட்டு வெளியேற்ற இன்னும் 17 வாட் போகும். குளிர்காலமே இல்லாத ஊரில் இந்தச் செலவு வருடம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பிளேடு வடிவத்தில் ஆரம்பிக்காதீர்கள். சின்ன பம்பில் பிளேடு வளைவைச் செதுக்கிச் செதுக்கிக் கிடைப்பது சில சதவீதம். சுழலும் வேகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு. வேகத்துக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது: அந்த 10 மீட்டர் உண்மையிலேயே தேவையா?

இரண்டு தகடுகளையும் தொடராக வைத்திருக்கிறீர்கள், முழு ஓட்டமும் இரண்டிலும் போகிறது. அவற்றை இணையாக மாற்றினால் ஒவ்வொன்றிலும் பாதி ஓட்டம்தான் போகும். கொந்தளிப்பான ஓட்டத்தில் அழுத்த இழப்பு ஓட்டத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், ஒரு தகட்டின் இழப்பு நாலில் ஒரு பங்காகும். இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பதால் அவை கூட்டப்படவும் மாட்டா. மொத்தத்தில் 7 மீட்டர் எட்டில் ஒரு பங்காக, ஏறக்குறைய 0.9 மீட்டராகக் குறையும். குழாயும் வெப்பமாற்றியும் தின்னும் 3 மீட்டரைச் சேர்த்தால் 4 மீட்டருக்குள் முடிந்துவிடும். தேவையான நீர்ச்சக்தி 49-லிருந்து 20 வாட்டுக்கும் கீழே இறங்குகிறது. இன்னும் பம்பைத் தொடவே இல்லை! இதற்கு ஒரு விலை உண்டு: தகட்டுக்குள் நீரின் வேகம் பாதியாவதால் வெப்பக் கடத்தல் குணகம் கிட்டத்தட்ட 0.57 மடங்காகிவிடும். சிப்பின் வெப்பநிலை தாங்குமா என்று பார்க்க வேண்டும். உங்கள் ரேக்கில் 30 லிட்டர் நீர் 10 டிகிரி சூடேறினால் 20 கிலோவாட்டுக்கு மேல் சுமக்கும், அதனால் கொஞ்சம் தாராளம் இருக்கும் என்று நினைக்கிறேன். குழாயையும் பாருங்கள். உள்விட்டம் 13 மில்லிமீட்டரிலிருந்து 19-க்குப் போனால் ஒரே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஆறு, ஏழு மடங்கு குறையும், ஏனென்றால் அது விட்டத்தின் ஐந்தாம் படியைப் பின்பற்றுகிறது.

சரி, தகடுகளை மாற்ற முடியாது, 10 மீட்டர்தான் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். ஹெட் மாறினாலும் முறை இதேதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுழலும் எந்தப் பம்பும், விசிறியும், டர்பைனும் 1750-களில் ஆய்லர் எழுதிய ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை. நீருக்குக் கொடுக்கும் ஹெட் என்பது இம்பெல்லரின், அதாவது பிளேடுகள் பதித்த சுழல் சக்கரத்தின், விளிம்பு வேகத்தையும், அங்கிருந்து வெளியேறும் நீரின் சுழல் வேகத்தையும் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது. நீர் சுழலாமல் உள்ளே வந்தால் அவ்வளவுதான் கணக்கு. இதில் விட்டம் தனியாகவோ சுற்று எண்ணிக்கை தனியாகவோ வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வருவது விளிம்பு வேகம் மட்டுமே. உங்கள் 10 மீட்டருக்கு, தோராயமாக, விளிம்பு நொடிக்கு 14 மீட்டர் ஓட வேண்டும். அதை 92 மில்லிமீட்டர் இம்பெல்லரை 2,900-இல் சுற்றியும் பெறலாம், 33 மில்லிமீட்டர் இம்பெல்லரை 8,000-இல் சுற்றியும் பெறலாம். ஹெட் ஒன்றே.

இந்த இரண்டில் எது குறைந்த மின்சாரம் எடுக்கும்? வேகமாகச் சுற்றினால் இழப்பு கூடும் என்றுதான் முதலில் தோன்றும். நடப்பது நேர்மாறு. இம்பெல்லரின் இரு பக்கத் தட்டுகளும் கேசிங் என்ற வெளிக்கூட்டுக்குள் இருக்கும் நீரைச் சும்மா கலக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த வட்டு உராய்வு சுற்று வேகத்தின் மும்மடியையும் விட்டத்தின் ஐந்தாம் படியையும் பின்பற்றும். விளிம்பு வேகம் ஒன்றே என்று கட்டிவிட்டால், மிஞ்சுவது விட்டத்தின் இருமடி. 92-க்கும் 33-க்கும் வித்தியாசம் ஏழரை மடங்குக்கு மேல். என் கணக்கில் பெரிய இம்பெல்லர் 15 வாட் அளவுக்கு வட்டு உராய்வில் மட்டும் தொலைக்கும், சின்னது 2 வாட். 49 வாட் வேலைக்கு 15 வாட் வீண் என்பது அதிகம். இதோடு, பெரிய இம்பெல்லரில் நீர் வெளியேறும் வாய் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள பிளவாகத்தான் இருக்கும். அந்த ஒடுக்கத்தில் நீண்ட தூரம் உரசிக்கொண்டே நீர் போக வேண்டும். சின்ன இம்பெல்லரின் வாய் மூன்று மில்லிமீட்டருக்குப் பக்கம் வரும், பாதையும் குட்டை.

இதைத்தான் ஸ்பெசிஃபிக் ஸ்பீட் என்ற ஓர் எண் ஒரே வரியில் சொல்கிறது. சுற்று வேகத்தை நொடிக்கு ரேடியனில் எடுத்து, ஓட்டத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, ஹெட்டையும் புவியீர்ப்பையும் பெருக்கியதன் முக்கால் படியால் வகுக்க வேண்டும். வருவது அலகில்லாத எண். 0.2-க்குக் கீழே போனால் மையவிலக்குப் பம்ப் தடுமாறும். 1-க்குப் பக்கத்தில் பம்புகள் தங்கள் மிகச் சிறந்த திறனைக் காட்டும். அதற்கு மேலே கலப்பு ஓட்ட வகையும், இன்னும் மேலே கப்பல் உந்தி போன்ற அச்சு ஓட்ட வகையும் வரும். உங்கள் வேலைக்கு 2,900 சுற்றில் இந்த எண் 0.22. இப்போதைய பம்ப் ஏன் திணறுகிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது. 8,000 சுற்றில் 0.6 ஆகிறது. 1 வேண்டும் என்றால் 13,300 சுற்று ஓட்ட வேண்டும். 1953-இல் ஜெர்மனியில் கோர்டியர் என்பவர் அதுவரை உலகம் செய்திருந்த நல்ல இயந்திரங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார். ஒரு பக்கம் வேகத்துக்கான எண், இன்னொரு பக்கம் விட்டத்துக்கான எண். நல்ல திறனுள்ளவை எல்லாம் ஒரு ஒடுங்கிய பட்டையில் வந்து விழுந்தன. வேகத்தை முடிவு செய்துவிட்டால் விட்டம் தானாகவே முடிவாகிவிடும் என்பது அதன் பொருள். உங்கள் திட்ட அறிக்கையில் அந்த வரைபடத்தில் உங்கள் புள்ளி எங்கே விழுகிறது என்று கட்டாயம் காட்டுங்கள்.

அப்படியென்றால் 13,300-க்கே போய்விட்டால் என்ன என்று கேட்பீர்கள். பெரிய பம்புகளில் முதலில் தடுப்பது கேவிட்டேஷன். வேகம் கூடினால் இம்பெல்லரின் கண்ணில், அதாவது நடுவில் நீர் நுழையும் வாயில், அழுத்தம் விழுந்து நீர் அங்கேயே ஆவியாகிக் குமிழி கட்டும், குமிழி உடையும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கும். தேவைப்படும் உறிஞ்சு ஹெட், வேகத்தையும் ஓட்டத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கியதன் நாலில்-மூன்று அல்ல, மூன்றில்-நான்கு (4/3) படியில் ஏறும், அதாவது வேகத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டரை மடங்கு. 2008-இல் திறந்த மரினா அணைக்கட்டில் ஏழு வடிகால் பம்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் நீரைத் தள்ளக்கூடியது. அவ்வளவு ஓட்டத்துக்கு வேகமாகச் சுற்றவே முடியாது, மெதுவாகவும் பெரிதாகவும்தான் கட்ட வேண்டும். உங்களுடையது நொடிக்கு அரை லிட்டர். 8,000 சுற்றில் 1.2 மீட்டர் அளவும், 13,300-இல் 2.3 மீட்டர் அளவும்தான் கேட்கும். 30 டிகிரி நீரின் ஆவியழுத்தத்தைக் கழித்த பிறகும் வளிமண்டலம் 9.9 மீட்டர் கொடுக்கிறது. மூடிய சுற்றில் இது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. சின்ன இயந்திரங்கள் வேகமாகச் சுற்றலாம் என்ற சுதந்திரம் இங்கிருந்துதான் வருகிறது.

காற்றில் இந்தச் சுதந்திரம் இன்னும் பெரிது. டைசன் நிறுவனம் தன் மோட்டார்களை நம் சிங்கப்பூரில் செய்துவந்திருக்கிறது. 2016-இல் வந்த அவர்களுடைய முடி உலர்த்தியில் 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டார் நிமிடத்துக்கு 1,10,000 சுற்று ஓடுகிறது. இம்பெல்லரில் 13 பிளேடு. பெருக்கிப் பாருங்கள்: பிளேடு கடக்கும் அதிர்வெண் நொடிக்கு 23,800-ஐத் தாண்டுகிறது, மனிதக் காதுக்கு எட்டாது. வேகம், பிளேடு எண்ணிக்கை, சத்தம் மூன்றையும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்தவர்களுக்குத்தான் இப்படி வரும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு முடிவுகளில் இது ஒன்று.

உங்களை 8,000-இல் நிற்கச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கைவசம் உள்ள கருவிகள். 13,300-இல் இம்பெல்லர் 20 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். பிளேடின் தடிமனையும் இடைவெளியையும் அதே விகிதத்தில் உங்கள் பிரிண்டரால் சுருக்க முடியாது. மோட்டாரின் இரும்பு இழப்பும் பேரிங் தேய்மானமும் கூடும். ஸ்பெசிஃபிக் ஸ்பீட் 0.6-இலிருந்து 1-க்குப் போவதில் கிடைக்கும் திறன், 0.2-இலிருந்து 0.6-க்கு வந்ததில் கிடைத்ததைவிட மிகக் குறைவு. அதற்காக அவ்வளவு பாடுபட வேண்டாம்.

அடுத்தது இடைவெளி. சின்ன பம்புகள் பெரியவற்றை விட ஏன் எப்போதும் திறன் குறைவு என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். எல்லா அளவையும் சுருக்கலாம், இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவே விடும் இடைவெளியை மட்டும் அதே விகிதத்தில் சுருக்க முடியாது. உங்கள் இம்பெல்லரின் கண் 17 மில்லிமீட்டர் விட்டம் என்று வைப்போம். அதைச் சுற்றி 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் கசிவுப் பரப்பு 10.7 சதுர மில்லிமீட்டர். அதன் குறுக்கே 7 மீட்டர் ஹெட் வித்தியாசம் இருக்கும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4 லிட்டர் நீர் வெளியே போகாமல் பின்னாலேயே திரும்பி வந்துவிடும். 30-இல் 4! இரண்டு, மூன்று தலைமுடிகளின் தடிமன் அளவு இடைவெளி நூற்றுக்குப் பன்னிரண்டைத் தின்கிறது. 0.1-க்குக் கொண்டுவந்தால் பாதிக்கும் கீழே இறங்கும், ஏனென்றால் ஒடுக்கத்தில் உராய்வும் சேர்ந்து தடுக்கும்.

எனவே கேசிங் முழுவதையும் பிரிண்ட் செய்யுங்கள், ஆனால் கண்ணைச் சுற்றி அந்த இடைவெளியைத் தரும் ஒரு வளையத்தை மட்டும் லேத்தில் கடைந்து பொருத்துங்கள். வெண்கலமோ நல்ல பொறியியல் பிளாஸ்டிக்கோ போதும். கல்லூரிப் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. மற்ற எல்லாவற்றையும் பிரிண்டரின் துல்லியத்துக்கு விட்டுவிடலாம், இதை விடக் கூடாது. இம்பெல்லருக்கு மேல்தட்டு இல்லாத திறந்த வகையைப் பலர் பரிந்துரைப்பார்கள், பிரிண்ட் செய்ய எளிது என்பது உண்மைதான். ஆனால் அதில் ஒவ்வொரு பிளேடின் முழு நீளத்துக்கும் கசிவு இருக்கும், மூன்று மில்லிமீட்டர் உயரப் பிளேடில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் பத்தில் ஒரு பங்கு. நான் மூடிய இம்பெல்லர் பக்கம்தான் நிற்பேன்.

இனி, அதிகம் பேர் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். இம்பெல்லர் செய்வது பாதி வேலைதான். 33 மில்லிமீட்டர் என்பது முதல் மதிப்பீடு. வழுக்கல் குணகத்தையும் (பிளேடு காட்டும் திசையை நீர் முழுதாகப் பின்பற்றாமல் நழுவும் அளவு) உள் இழப்புகளையும் சேர்த்துத் திருத்தினால் 35 மில்லிமீட்டர் வருகிறது. விளிம்பு வேகம் நொடிக்கு 14.7 மீட்டர், நீர் சுழன்று வெளியேறும் வேகம் 8.3 மீட்டர் அளவு. ஆய்லர் கணக்கில் இம்பெல்லர் கொடுக்கும் ஹெட் 12.4 மீட்டர். அதில் 3.7 மீட்டர் அழுத்தமாக இல்லை, வேகமாக இருக்கிறது. பத்தில் மூன்று பங்கு! இந்த வேகத்தை மெல்ல மெல்லத் தணித்து அழுத்தமாக மாற்றுவது இம்பெல்லரைச் சுற்றி நத்தை ஓடு போல விரியும் வால்யூட்டும் அதன் பின்னால் வரும் கூம்பும். அது சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு அழகான பிளேடு போட்டாலும் பயனில்லை.

வால்யூட்டின் தொண்டை (கூம்பு தொடங்கும் ஒடுங்கிய இடம்) உங்கள் ஓட்டத்துக்கு 10 மில்லிமீட்டர் விட்டம் அளவில் வரும், அங்கே நீர் நொடிக்கு 6.4 மீட்டரில் பாயும். உங்கள் குழாயோ 19 மில்லிமீட்டர், அங்கே 1.8 மீட்டர் போதும். இரண்டையும் இணைக்கும் கூம்பு மொத்தம் 8 டிகிரிக்கு மேல் விரியக் கூடாது. விரிந்தால் நீர் சுவரை விட்டுப் பிரிந்து சுழிக்கும். 10-இலிருந்து 19-க்கு 8 டிகிரியில் போனால் நீளம் 64 மில்லிமீட்டர். கவனித்தீர்களா? இம்பெல்லரே 35 மில்லிமீட்டர்தான், கூம்பு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்! கையடக்கமாக்க வேண்டும் என்று எல்லோரும் முதலில் வெட்டுவது இந்தக் கூம்பைத்தான். வெட்டி, தொண்டையை நேரே பெரிய குழாயில் திறந்துவிட்டால் 1.1 மீட்டர் ஹெட் அந்த ஒரே இடத்தில் தொலையும். 10 மீட்டருக்கு உழைக்கும் பம்பில் பதினொரு சதவீதம். நல்ல கூம்பு அதில் பெரும்பகுதியை மீட்டுத் தரும்.

நீளத்தை மறைக்க வழி இருக்கிறது. கூம்பை வெளியே நீட்டாமல் கேசிங்கைச் சுற்றியே வளைத்துக் கொண்டுவரலாம். லேத்தில் இதைச் செய்ய முடியாது, வார்ப்பில் செலவு. பிரிண்டருக்கு நேர்க்கூம்பும் வளைந்த கூம்பும் ஒன்றுதான். பிரிண்டரின் உண்மையான பலத்தை இங்கே பயன்படுத்துங்கள். வளைவில் கொஞ்சம் இழப்பு கூடும் என்பதால் விரிவைக் கொஞ்சம் குறைத்து 6 டிகிரிக்குப் பக்கம் வைப்பது நல்லது. உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். சாதாரணப் பிரிண்டரின் அடுக்குக் கோடுகள் 0.1, 0.2 மில்லிமீட்டர் உயரம். மூன்று மில்லிமீட்டர் வாயில் அது பெரிய சொரசொரப்பு. ரெசின் பிரிண்ட் கிடைத்தால் இம்பெல்லரையும் தொண்டைப் பகுதியையும் அதில் எடுங்கள்.

வெளியேறும் வேகம் இழப்பே என்ற இந்த விஷயம் விசிறிகளில் இன்னும் கடுமையாகத் தெரியும். உணவங்காடி நிலையங்களின் கூரையில் மெதுவாகச் சுற்றும் ராட்சத விசிறிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காற்றைத் தள்ளிவிட்ட பிறகு அதன் வேகத்தை மீட்க வால்யூட்டும் இல்லை, கூம்பும் இல்லை. கொடுத்த வேகம் எல்லாம் போனதுதான். அதனால் அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். ஒரே தள்ளுவிசைக்கு விட்டத்தை இரட்டிப்பாக்கினால் இலட்சியக் கணக்கில் சக்தி பாதியாகிறது. மூடிய கேசிங்குக்குள் சின்னதாகவும் வேகமாகவும் போனது சரி என்றால், திறந்த வெளியில் பெரிதாகவும் மெதுவாகவும் போவது சரி. இரண்டையும் முடிவு செய்வது அதே ஸ்பெசிஃபிக் ஸ்பீட்தான்.

பிளேடு பற்றி இப்போது சொல்லலாம். பின்னோக்கி வளைந்தது, வெளிக்கோணம் 25 டிகிரி, ஆறு பிளேடு. வழுக்கல் குணகத்துக்கு 1967-இல் வீஸ்னர் கொடுத்த சூத்திரம் போதும், உங்களுக்கு 0.81 வரும். ஒரு எச்சரிக்கை உண்டு. நுழைவில் பிளேடு 17 டிகிரி மட்டுமே சாய்ந்து கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமன் பிளேடு ஆறு வைத்தால், சாய்வாக வெட்டப்படுவதால் ஒவ்வொன்றும் சுற்றளவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அடைக்கும். 53 மில்லிமீட்டர் சுற்றளவில் 20 போய்விடும். அதனால் மூன்று முழுப் பிளேடும், அவற்றுக்கு நடுவே பாதி வழியில் தொடங்கும் மூன்று குட்டைப் பிளேடும் வையுங்கள். நுழைவு திறந்திருக்கும், வெளியே ஆறு பிளேடின் பிடி கிடைக்கும். பிளேடு வேலை இத்துடன் போதும். மென்பொருளில் வண்ணப்படம் எடுத்து அரை சதவீதம் தேடுவதை முதல் மாதிரி ஓடிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மோட்டாருக்கு வருவோம். மோட்டாரின் உருவத்தைத் தீர்மானிப்பது வாட் அல்ல, முறுக்குவிசை. பம்பின் திறன் 58 சதவீதம் வந்தால் தண்டில் 85 வாட் வேண்டும், 8,000 சுற்றில் அது 0.1 நியூட்டன்-மீட்டர்தான். அதே வேலையை 2,900-இல் செய்தால் இரண்டே முக்கால் மடங்கு முறுக்குவிசை கேட்கும், செம்பும் இரும்பும் அதற்கேற்பப் பெருக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட) மோட்டார் சின்னது ஒன்றை சிம் லிம் டவரில் தேடினால் கிடைக்கும், சைன் அலை கொடுக்கும் கன்ட்ரோலராக வாங்குங்கள். தண்டுக்கு ரப்பர் சீல் போடாதீர்கள். இவ்வளவு சின்ன பம்பில் சீலின் உராய்வு வட்டு உராய்வையே தாண்டிவிடும், ஒரு நாள் கசியவும் செய்யும், அதுவும் சர்வருக்குப் பக்கத்தில். காந்த ரோட்டரை நீருக்குள்ளேயே விட்டு, சுருளை வெளியே வைத்து, நடுவே மெல்லிய குடுவைச் சுவர் வைக்கும் முறைதான் சரி. அந்தச் சுவர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எஃகாக இருந்தால் சுழலும் காந்தப்புலம் அதில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி வெப்பமாக வீணாக்கும், வேகம் கூடக் கூட அது இருமடியாக ஏறும். பேரிங்குக்கு செராமிக் தண்டும் கார்பன் புஷ்ஷும் வைத்து, நீரையே மசகாக விடலாம்.

எல்லாம் சேர்த்தால்? பம்ப் 58, மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து 80 சதவீதம் என்று வைத்தால் 106 வாட்டில் முடியும். 230-இல் பாதிக்கும் கீழே. தகடுகளையும் இணையாக மாற்றினால் 50 வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அப்போது வேகத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும், அதே 8,000-இல் வைத்துக்கொண்டு வால்வை மூடாதீர்கள்.

வால்வை மூடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கட்டடங்களில் தேவையை விடப் பெரிய பம்பைப் போட்டு, வால்வைப் பாதி மூடி ஓட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை. மூடிய சுற்றில் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் ஓட்டமும் 80 ஆகும், சக்தியோ வேகத்தின் மும்மடியில் இறங்கி 51 சதவீதமாகிவிடும். ஆனால் இந்த மும்மடி விதியை எல்லா இடத்திலும் போடக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடத்தின் கீழே இருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டிய உயரம் 100 மீட்டர், மூடிய வால்வில் பம்ப் தருவது 120 மீட்டர் என்று வைப்போம். வேகத்தை 90 சதவீதமாக்கினால் 120 என்பது 97 ஆகிவிடும். 100-ஐத் தொட முடியாது. பம்ப் சுற்றும், தொட்டியில் ஒரு சொட்டும் விழாது. உங்களுடையது மூடிய சுற்று என்பதால் விதி முழுமையாகப் பொருந்தும். சர்வரின் சுமைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும் ஒரு சின்ன நிரலையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திருப்பி ஓட்டுவது. ஓடும். வெளிவாயில் அழுத்தமுள்ள நீரைக் கொடுத்தால் இம்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றும், காந்த ரோட்டர் ஜெனரேட்டர் ஆகும். மலைக்கிராமங்களில் சாதாரணப் பம்பை இப்படி டர்பைனாக ஓட்டுவது பழைய, நம்பகமான முறை. ஒன்று மட்டும்: அதே வேகத்தில் டர்பைனாக நன்றாக ஓட, பம்பாகக் கொடுத்ததைவிட அதிக ஓட்டமும் அதிக ஹெட்டும் கேட்கும். இழப்புகள் பம்பில் கழிந்தன, இங்கே அவற்றை நீர் கூடுதலாகச் சுமக்க வேண்டும். உங்கள் சுற்றில் மீட்கத்தக்க அழுத்தம் எதுவும் இல்லை, அதனால் இதைத் திட்டத்துக்குள் இழுக்க வேண்டாம்.

ஆனாலும் இந்தக் கேள்வி நல்ல கேள்வி, நம் ஊருக்கு மிக முக்கியமானதும்கூட. கடல்நீரைக் குடிநீராக்க அதை 60 பார் அளவுக்கு அழுத்திச் சவ்வில் தள்ளுகிறார்கள். உள்ளே போவதில் பாதிக்கு மேல் உப்புநீராக, அழுத்தம் பெரிதாகக் குறையாமல் வெளியே வருகிறது. அந்த அழுத்தத்தைத் தொடக்க காலத்தில் பெல்டன் சக்கரத்தில் (நீர்த்தாரை மோதிச் சுழலும் டர்பைன்) விட்டு, அந்தச் சுழற்சியால் பம்புக்கு உதவினார்கள். டர்பைன் 88, பம்ப் 85 சதவீதம் என்றாலும் இரண்டையும் பெருக்கினால் 75-தான் மிஞ்சும். இப்போது அழுத்தப் பரிமாற்றிகள் வந்துவிட்டன. ஒரு வகையில் நீளத்துளைகள் போட்ட செராமிக் உருளை சுற்றுகிறது. துளைக்குள் ஒரு முனையில் உப்புநீர் வந்து, மறுமுனையில் இருக்கும் புதுக் கடல்நீரை நேரடியாகத் தள்ளுகிறது. தண்டும் இல்லை, பிளேடும் இல்லை, திறன் 95 சதவீதத்துக்கு மேல். நீரின் அழுத்தத்தைச் சுழற்சியாக மாற்றி மறுபடி அழுத்தமாக்கும் சுற்றுவழியையே வெட்டிவிட்டார்கள். பொதுப் பயனீட்டுக் கழகம் கடல்நீர்ச் சுத்திகரிப்புக்கு ஒரு கன மீட்டருக்குச் செலவாகும் 3.5 யூனிட் மின்சாரத்தை 2 யூனிட்டுக்குக் கொண்டுவர இலக்கு வைத்திருக்கிறது. திட்டம் முடிந்த பிறகு என்ன படிக்கலாம் என்று யோசித்தால் அந்தப் பக்கம் பாருங்கள்.

முதல் மாதிரி தயாரானதும் மூன்று அளவுகளை மட்டும் ஒரே நேரத்தில் எடுங்கள்: உள்ளும் வெளியும் உள்ள அழுத்த வித்தியாசம், ஓட்டம், கன்ட்ரோலருக்குப் போகும் வாட். வால்வை முழுக்க மூடிய நிலையிலிருந்து முழுக்கத் திறந்த நிலை வரை ஏழெட்டுப் புள்ளிகள் போதும். மூடிய நிலையில் சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் கொஞ்சம் நீர் சூடாகிவிடும். மூடிய நிலையில் ஹெட் கணக்கை ஒட்டி வந்து, 30 லிட்டரில் மட்டும் குறைந்தால் வால்யூட் தொண்டை சின்னது. எல்லாப் புள்ளியிலும் ஓட்டம் ஒரே அளவு குறைந்தால் அந்த வளையத்தில் கசிவு. ஹெட்டும் ஓட்டமும் சரியாக இருந்து வாட் மட்டும் அதிகம் என்றால் நீரை வடித்துவிட்டு, ரோட்டரை மட்டும் ஒரு கணம் சுற்றி மோட்டாரின் இழப்பைத் தனியாகப் பிரித்து எடுங்கள். அந்த எண்களோடு மறுபடி எழுதுங்கள், எங்கே எதைத் திருத்தலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.